யாருடைய ரசனை? கிளை நூலகங்களின் வழங்கல் பதிவேட்டை வாசிப்பது எப்படி



பண்டிதர் அயோத்திதாசரின் நினைவில் கூடியிருக்கிறோம். இம்முறை நூலகத்தைப் பற்றிப் பேசலாம் என்று மன்றத்தில் முடிவு செய்தோம். அதற்குக் காரணம் பண்டிதரே. 1907 ஜூன் 19 அன்று சென்னை இராயப்பேட்டையிலிருந்து அவர் ஒரு வார இதழைத் தொடங்கினார். அதன் பெயர் ‘ஒரு பைசாத் தமிழன்’. விலையையே பெயராக வைத்துக்கொண்ட இதழ் அது. தன் வாசகர் கையில் எவ்வளவு காசு இருக்கும் என்று கணக்குப் போட்டுவிட்டுத்தான் அவர் ஆரம்பித்திருக்க வேண்டும். அடுத்த ஆண்டே அது ‘தமிழன்’ ஆயிற்று. இராயப்பேட்டையில் அச்சான அந்த இதழைக் கோலார் தங்க வயலிலும் இரங்கூனிலும் உழைக்கப் போன நம் மக்கள் வரவழைத்து வாசித்தார்கள். “இந்த மக்கள் எங்கே படிக்கப் போகிறார்கள்?” என்ற கேள்விக்கு நூறாண்டுக்கு முன்பே கிடைத்த பதில் இது.

ஆனாலும் அந்தக் கேள்வி சாகவில்லை. இன்று அது புள்ளிவிவர வேடம் போட்டுக்கொண்டு வருகிறது. ஒரு நகரத்தின் கிளை நூலகங்களை வரிசையாக வைத்து, இந்தப் பகுதியில் வரலாற்று நாவல் போகிறது, அந்தப் பகுதியில் ஆன்மிகம் போகிறது, இன்னொரு பகுதியில் எதுவுமே போவதில்லை என்று ஒப்பிடுகிறார்கள். பிறகு, “மயிலாப்பூர்க்காரர்கள் படிப்பவர்கள், வியாசர்பாடிக்காரர்கள் கேரம் ஆடுபவர்கள்” என்று முடித்துவிடுகிறார்கள். இப்படிப் பேசுவதை நம்மில் பலர் காதால் கேட்டிருக்கிறோம். நம் வீட்டுப் பிள்ளைகளே இதைத் திருப்பிச் சொல்வதையும் கேட்டிருக்கிறோம். அதுதான் எங்களை அதிகமாக வருத்தியது.

பகுதிக்குப் பகுதி வாசிப்பு வேறுபடுவது உண்மை. அந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது, அதை எப்படி அளக்கிறார்கள், அளவுகோலுக்குள் அகப்படாமல் போகிறவர்கள் யார் என்பதை விளக்குவதே இந்த உரையின் நோக்கம்.

அலமாரியும் ரசனையும்

முதலில் நம் ஊர் ஏற்பாட்டைப் பார்ப்போம். சென்னைப் பொது நூலகச் சட்டம் 1948இல் வந்தது. விடுதலைக்குப் பின் இந்தியாவில் இயற்றப்பட்ட முதல் நூலகச் சட்டம் அது. அதற்குப் பின்னால் எஸ்.ஆர். அரங்கநாதனின் நெடுநாள் உழைப்பு இருந்தது. அந்தச் சட்டத்தின்படி வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரி வசூலிக்கப்படுகிறது. இப்போது சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு. உள்ளாட்சி அமைப்பு இதை வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் ஒப்படைக்க வேண்டும்.

“வரி கட்டுகிறவர்கள் நாங்கள்” என்று சொந்த வீட்டுக்காரர்கள் நினைக்கலாம். வாடகைக்குள் வீட்டு வரி ஒளிந்திருக்கிறது. பத்துக்குப் பத்து அறையில் குடியிருக்கும் குடும்பமும் மாதாமாதம் நூலகத்துக்குக் காசு கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. எனவே நூலகம் யாரும் நமக்குப் போடும் பிச்சை கிடையாது. இதை முதலில் மனதில் இருத்திக்கொள்வோம்.

அந்தக் காசில் புத்தகம் வந்து சேரும் வழியைப் பாருங்கள். பெரும்பாலும் தலைமையிடத்தில் தேர்வு நடக்கிறது. தேர்வான நூல்கள் மாவட்டங்களுக்கும் கிளைகளுக்கும் பிரித்து அனுப்பப்படுகின்றன. கிளை நூலகர் தன் வாசகருக்கு என்ன வேண்டும் என்பதை அறிந்திருக்கலாம். ஆனால் அவர் கைக்கு வருவது அவர் கேட்ட கட்டு அல்ல, அவருக்கு ஒதுக்கப்பட்ட கட்டு. அந்தக் கட்டில் இருப்பதைத்தான் அலமாரியில் அடுக்க முடியும். அலமாரியில் இருப்பதைத்தான் வாசகர் எடுக்க முடியும். அவர் எடுத்ததைத்தான் வழங்கல் பதிவேட்டில் எழுத முடியும். கடைசியில் அந்தப் பதிவேட்டைப் பார்த்து, “இந்தப் பகுதியின் ரசனை இது” என்று சொல்லிவிடுகிறார்கள். ரேஷன் கடையில் எந்த அரிசி போட்டார்களோ அதைத்தான் மக்கள் விரும்பிச் சாப்பிடுகிறார்கள் என்று சொல்வது போன்றது இது.

பதிவேட்டில் வராத வாசகர்

இனி அந்தப் பதிவேட்டுக்குள் வராதவர்களை எண்ணிப் பார்ப்போம்.

முதலில், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள். சென்னையின் எந்தப் பெரிய நூலகத்துக்குப் போனாலும் டிஎன்பிஎஸ்சி, காவலர் தேர்வு, வங்கித் தேர்வு என்று உட்கார்ந்திருக்கும் இளைஞர்களைப் பார்க்கலாம். வீட்டில் உட்கார இடமில்லாதவர்கள், மின்விசிறியும் அமைதியும் தேடி வருகிறவர்கள் அவர்களில் ஏராளம். சொந்தமாக வாங்கிய கையேட்டையோ நண்பரிடம் வாங்கிய நகலையோ வைத்துக்கொண்டு நாள் முழுக்கப் படிக்கிறார்கள். அவர்கள் நூலகத்தின் ஒரு புத்தகத்தையும் வீட்டுக்கு எடுத்துப் போவதில்லை. வழங்கல் கணக்கில் அவர்கள் பூஜ்யம். நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் படிக்கும் ஒருவர் ‘படிக்காதவர்’ பட்டியலில் சேர்கிறார்.

இரண்டாவது, அட்டை இல்லாதவர்கள். உறுப்பினராவதற்கு முகவரிச் சான்று வேண்டும், காப்புத் தொகை கட்ட வேண்டும். தொகை சிறியதுதான். முகவரிதான் பெரிய சிக்கல். கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டுக் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய் விடப்பட்ட குடும்பங்களைக் கேட்டுப் பாருங்கள். பழைய முகவரி இடிக்கப்பட்டுவிட்டது. புதிய முகவரி காகிதத்தில் ஏறுவதற்கு மாதக்கணக்கில் ஆகும். பள்ளிக்கூடம் மாறுகிறது, வேலைக்குப் போகும் தூரம் மாறுகிறது, நூலகமும் கைவிட்டுப் போகிறது. பழைய கிளையின் பதிவேட்டில் அந்தக் குழந்தை ‘வராத உறுப்பினர்’. புதிய இடத்தில் அவள் இன்னும் உறுப்பினரே ஆகவில்லை.

மூன்றாவது, ஓர் அட்டைக்குப் பின்னால் இருக்கும் பலர். அப்பா பெயரில் அட்டை, படிப்பது அம்மா. மகன் எடுத்து வரும் ரமணிசந்திரன் நாவலை மாடிப்படியில் உட்கார்ந்து மூன்று வீட்டுப் பெண்கள் மாற்றி மாற்றிப் படிக்கிறார்கள். பதிவேட்டில் ஓர் ஆண் ஒரு நாவல் எடுத்ததாக இருக்கும். வீட்டு வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஓய்வு கிடைப்பது பிற்பகலிலோ இரவிலோதான். பகுதி நேர நூலகம் அந்நேரம் பூட்டிக் கிடந்தால், அவர்களுடைய ரசனையை எந்த ஏட்டில் தேடுவது?

நான்காவது, கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பியவர். இவரைப் பற்றி வழங்கல் ஏட்டில் ஒரு வரியும் கிடையாது. எங்கள் பார்வையில் ஒரு கிளையின் உண்மையான வாசிப்பு வரலாறு இந்த வெறுங்கைகளில்தான் இருக்கிறது.

நியூயார்க்கின் கிளைகள்

இந்தச் சிக்கலை வேறொரு நகரம் எப்படி எதிர்கொண்டது என்று பார்ப்பது நமக்கு உதவும். 1901இல் ஆண்ட்ரூ கார்னகி நியூயார்க் நகருக்குக் கிளை நூலகங்கள் கட்ட 52 லட்சம் டாலர் கொடுத்தார். கிளைகள் பெருகின. ஒவ்வொரு கிளையைச் சுற்றியும் ஒவ்வொரு வகை மக்கள். கீழ்க்கிழக்குப் பகுதியில் சீவர்ட் பார்க் கிளை 1909இல் தன் கட்டடத்தில் திறந்தது. சுற்றிலும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த ஏழை யூதத் தொழிலாளர்கள். கூட்டம் தாங்காமல் மொட்டை மாடியிலும் வாசிப்பிடம் வைத்தார்கள். இத்திஷ் மொழிப் புத்தகங்கள் அங்கே போயின. வெப்ஸ்டர் கிளையில் செக் மொழி நூல்கள். சாத்தம் சதுக்கக் கிளையில் சீன நூல்கள். பகுதிக்குப் பகுதி ரசனை மாறியது உண்மை. ஆனால் அந்த மொழிப் புத்தகங்களை வாங்கி வைத்த பிறகே ரசனை கணக்கில் ஏறியது.

ஹார்லெமில் 135ஆம் தெருக் கிளை 1905இல் திறந்தது. அப்போது அங்கே வெள்ளையர்களே பெரும்பாலும் குடியிருந்தார்கள். பதினைந்தே ஆண்டுகளில் தெற்கு மாநிலங்களிலிருந்தும் கரீபியத் தீவுகளிலிருந்தும் வந்த கறுப்பின மக்களின் பகுதியாக அது மாறிவிட்டது. மக்கள் மாறிவிட்டார்கள், அலமாரி மாறவில்லை. அந்த நிலையில் பதிவேட்டைப் பார்த்திருந்தால் கறுப்பின மக்களுக்கு வாசிப்பில் நாட்டமில்லை என்றுதான் சிலர் எழுதியிருப்பார்கள்.

1920இல் எர்னஸ்டீன் ரோஸ் என்ற வெள்ளைப் பெண்மணி அந்தக் கிளைக்குப் பொறுப்பேற்றார். சீவர்ட் பார்க்கில் குடியேறிகளிடையே வேலை செய்த அனுபவம் அவருக்கு இருந்தது. அவர் கறுப்பினப் பெண்களை நூலகப் பணிக்கு அமர்த்தினார். அவர்களில் காத்தரின் லாட்டிமர் நியூயார்க் பொது நூலகத்தின் முதல் கறுப்பின நூலகர். கறுப்பின மக்களைப் பற்றிய செய்தித்தாள் நறுக்குகளைச் சேர்த்துச் சேர்த்துக் கோப்புகளாக வைத்தார் அவர். பின்னாளில் நாவலாசிரியராகப் புகழ்பெற்ற நெல்லா லார்சனும் அங்கே பணியாற்றியவர். கறுப்பின வாழ்வைப் பற்றிய நூல்களைக் கொண்டுவந்து வைத்ததும் கேட்போர் பெருகினார்கள். பல கைகள் புரட்டியதில் நூல்கள் நைந்தன. கிடைத்தற்கரிய நூல்களைத் தனியாகப் பாதுகாக்க வேண்டிய நிலை வந்தது. 1925இல் நீக்ரோ இலக்கியம், வரலாறு, படங்களுக்கென்று அந்தக் கிளையில் தனிப் பிரிவு திறக்கப்பட்டது.

அடுத்த ஆண்டு, 1926இல், ஆர்தர் ஷாம்பர்க் சேர்த்து வைத்திருந்த நூல்தொகுதி கார்னகி நிறுவனம் அளித்த 10,000 டாலரில் வாங்கப்பட்டு அந்தக் கிளைக்கு வந்தது. 5,000க்கும் மேற்பட்ட நூல்கள். ஷாம்பர்க் போர்த்தோ ரிக்கோவில் பிறந்தவர், நியூயார்க்கில் ஒரு வங்கியின் தபால் பிரிவில் வேலை பார்த்தவர். கறுப்பர்களுக்கு வரலாறு கிடையாது என்று சிறுவயதில் ஆசிரியர் சொன்னதைப் பொய்யாக்கவே வாழ்நாள் முழுக்கப் புத்தகம் தேடினார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். இன்று அந்தக் கிளை ஷாம்பர்க் ஆய்வு மையமாக வளர்ந்து நிற்கிறது.

இங்கே ஒரு குறிப்பு. டாக்டர் அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1913 முதல் 1916 வரை படித்தார். ஹார்லெமுக்கு அடுத்திருக்கும் மேட்டுப் பகுதிதான் அது. புத்தகத்துக்காகவே வீடு கட்டிய மனிதர் அவர். பம்பாய் தாதரில் இருக்கும் ராஜகிருகம் அதற்குச் சாட்சி. ஹார்லெமை நாம் அறிந்துகொள்வது, நம் தலைவர் மாணவராக இருந்த தெருக்களின் அண்டை வீட்டை அறிந்துகொள்வதுதான்.

மெம்பிஸில் ஒரு பொய்க் கையெழுத்து

பதிவேடு எப்படிப் பொய் சொல்லும் என்பதற்கு ரிச்சர்ட் ரைட்டின் வாழ்க்கையைவிடச் சிறந்த உதாரணம் கிடையாது. 1927இல் மெம்பிஸ் நகரின் பொது நூலகத்தில் கறுப்பர்கள் தங்களுக்கென்று புத்தகம் எடுக்க முடியாது. இளைஞரான ரைட், தன்னோடு வேலை பார்த்த ஒரு வெள்ளையரின் நூலக அட்டையை இரவல் வாங்கினார். அந்த வெள்ளையர் எழுதியதுபோல் தானே ஒரு சீட்டு எழுதிக்கொண்டு போனார். ஏவலுக்கு வந்த பையனாக நடித்து எச்.எல். மென்கனின் புத்தகங்களை வாங்கி வந்தார். தன் சுயசரிதையில் இதை அவர் விரிவாக எழுதியிருக்கிறார்.

அந்த நூலகத்தின் ஏட்டில் என்ன பதிவாகியிருக்கும்? ஒரு வெள்ளையர் மென்கனை விரும்பிப் படிக்கிறார் என்று. உலகம் போற்றப்போகும் ஓர் எழுத்தாளரின் வாசிப்பு, வேறொருவரின் ரசனையாகப் பதிவாகிவிட்டது. அதே 1927இல்தான் மகாடில் சவுதார் குளத்துத் தண்ணீரைத் தொட அம்பேத்கர் மக்களோடு நடந்தார். பொதுக்குளம் என்று பெயர் இருந்தது, எல்லோருக்கும் பொதுவாக இல்லை. பொது நூலகம் என்று பெயர் இருந்தது, அதுவும் எல்லோருக்கும் பொதுவாக இல்லை.

ரைட் பின்னர் சிகாகோ போனார். அங்கே கறுப்பின மக்கள் வாழ்ந்த பிரான்ஸ்வில் பகுதியில் ஜார்ஜ் கிளீவ்லாந்து ஹால் கிளை 1932இல் திறந்தது. அதன் தலைவர் விவியன் ஹார்ஷ். சிகாகோவில் ஒரு கிளைக்குத் தலைமையேற்ற முதல் கறுப்பினப் பெண்மணி. கறுப்பின வரலாறு, இலக்கியத் தொகுதி ஒன்றைப் பொறுமையாக அங்கே கட்டி எழுப்பினார். எழுத்தாளர்களை அழைத்து வாசகர்களோடு உட்கார வைத்தார். ரைட்டும் லாங்ஸ்டன் ஹியூசும் வந்துபோன இடம் அது. அதே கிளையில் குழந்தைகள் பிரிவைக் கவனித்த சார்லிமே ராலின்ஸ் இன்னொரு வேலை செய்தார். கறுப்பினக் குழந்தைகளைக் கேலிப் பொருளாகக் காட்டிய புத்தகங்கள் அன்று எங்கும் இருந்தன. எவை குழந்தைகள் கையில் கொடுக்கத் தகுந்தவை என்று ஆராய்ந்து 1941இல் ஒரு வழிகாட்டி நூலே வெளியிட்டார்.

“பிள்ளைகள் படிப்பதில்லை” என்று குறைப்பட்டுக்கொள்வதற்கு முன் ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்பதை ராலின்ஸ் நமக்குக் கற்றுத் தருகிறார். புத்தகத்தைத் திறந்ததும் தன்னை இழிவாகக் காணும் குழந்தை, அடுத்த புத்தகத்தை ஏன் திறக்க வேண்டும்?

நம் அலமாரியில்

இப்போது வீட்டுக்குத் திரும்புவோம். பண்டிதரின் எழுத்துகள் ஞான அலாய்சியஸ் தொகுப்பில் நூலாக வந்தது 1999இல். பண்டிதர் மறைந்தது 1914. இடைப்பட்ட 85 ஆண்டுகளில் சென்னையின் எந்தக் கிளை நூலகத்திலாவது ஒருவர் போய் அயோத்திதாசரைக் கேட்டிருந்தால் என்ன கிடைத்திருக்கும்? இல்லாத ஒன்றை யாரும் எடுக்கவில்லை என்பதால், அதற்கு வாசகர் இல்லை என்று ஆகிவிடுமா? தொகுப்பு வந்த பிறகு தமிழ் அறிவுலகமே அதை வைத்து விவாதித்தது. ஆசை எங்கோ காத்துக்கொண்டிருந்தது, புத்தகம்தான் வரவில்லை.

பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வந்தது. இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ 1994இல் வந்தது. வடசென்னையைக் கரன் கார்க்கி ‘கறுப்பர் நகர’மாக எழுதினார். சிந்தாதிரிப்பேட்டையைத் தமிழ்ப்பிரபா ‘பேட்டை’யாக எழுதினார். இந்த நூல்கள் எந்தத் தெருக்களைப் பற்றிப் பேசுகின்றனவோ, அந்தத் தெருக்களின் கிளை நூலகத்தில் இருக்கின்றனவா? இருந்தால் எத்தனை படிகள், எந்த அலமாரியில்? நம் வாழ்க்கையைச் சொல்லும் நாவலை ‘சமூகவியல்’ மூலையில் அடைத்துவிட்டால், நாவல் தேடி வருபவர் கண்ணில் அது படவே படாது.

இதோடு ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இது எங்களுக்கே நாங்கள் சொல்லிக்கொள்வது. சேரிப் பகுதி நூலகத்தில் தலித் இலக்கியமும் தேர்வுக் கையேடும் இருந்தால் போதும் என்று நினைப்பதும் ஒருவகைத் தீண்டாமைதான். ஜேம்ஸ் பால்டுவின் ஹார்லெமில் வறுமையில் வளர்ந்த சிறுவன். 135ஆம் தெருக் கிளையின் புத்தகங்களையெல்லாம் வாசித்துத் தள்ளியதாக அவரே சொல்லியிருக்கிறார். டிக்கன்ஸையும் படித்தார், பின்னாளில் தஸ்தயேவ்ஸ்கியையும் படித்தார். ஷாம்பர்க் தொகுதி இருந்த கிளையில்தான் இதெல்லாம் நடந்தது. தன்னைக் காணவும் புத்தகம் வேண்டும், தன்னைத் தாண்டிப் போகவும் புத்தகம் வேண்டும். புளியந்தோப்புப் பெண் வானியல் படிக்கட்டும், ராஜேஷ்குமாரும் படிக்கட்டும். துப்பறியும் நாவல் படிப்பது இழிவு என்று நாமும் முகம் சுளிக்க வேண்டாம். முகம் சுளிக்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்று நமக்குத் தெரியும்.

கேட்க வேண்டியவை

அரங்கநாதன் 1931இல் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை வகுத்தார். அவற்றில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் உண்டு என்பது. மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் உண்டு என்பது. உலகம் முழுக்கக் கற்பிக்கப்படும் இந்த விதிகள் நம் சென்னையில் பிறந்தவை. இவற்றை நாம் உரிமைச் சாசனமாக எடுத்துக்கொள்ளலாம். வாசகர் வரவில்லை என்றால் வாசகரைக் குற்றம் சொல்ல இந்த விதிகளில் இடமே இல்லை. அவருக்கான நூலை நூலகம் கொண்டு வந்து வைக்கவில்லை என்பதே அதன் பொருள்.

ஆகவே, இங்கே வந்திருக்கும் மாணவர்களிடமும் களப்பணியாளர்களிடமும் நாங்கள் ஒரு வேலையை ஒப்படைக்கிறோம். உங்கள் பகுதிக் கிளை நூலகத்துக்குப் போங்கள். வேறு பகுதியில் இருக்கும் நண்பரை அவருடைய கிளைக்குப் போகச் சொல்லுங்கள். இருவரும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒப்பிடுங்கள்.

எத்தனை நூல்கள் இருக்கின்றன? கடந்த ஆண்டு புதிதாக வந்தவை எத்தனை? எந்த நாள், எந்த நேரம் திறந்திருக்கிறது? கழிப்பறை உண்டா, பெண்கள் உட்கார இடம் உண்டா? அட்டை நைந்த புத்தகங்கள் எவை? அவைதான் அந்தப் பகுதியின் உண்மையான ரசனை. தூசி படிந்த புத்தகங்கள் எவை? அவை அனுப்பியவரின் ரசனை. வாசகர்கள் கேட்டும் கிடைக்காத நூல்களுக்கு ஏதாவது குறிப்பேடு இருக்கிறதா? இல்லையென்றால் நாற்பது பக்க நோட்டு ஒன்றை நாமே வாங்கிக் கொடுத்து, நூலகர் அனுமதியோடு மேசையில் வைப்போம். கேட்டவர் பெயர் வேண்டாம், கேட்ட நூலின் பெயர் போதும்.

நூலகரை எதிரியாக நினைக்காதீர்கள். ஒற்றை ஆளாகக் கதவு திறந்து, கூட்டி, அடுக்கி, கணக்கும் எழுதுகிறவர் அவர். நாம் எழுதும் கோரிக்கை அவர் மேலிடத்துக்கு எழுதும் கடிதத்துக்குப் பலமாக இருக்கும். வாயால் கேட்டுக் கிடைக்காத எண்களைத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன்படி மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் கேட்கலாம். கிளைவாரியாக நூல் வரவு, உறுப்பினர், வழங்கல், திறந்திருக்கும் நேரம் ஆகியவற்றைக் கேளுங்கள். வாசகர் வட்டத்தில் சேருங்கள். 1,000 ரூபாய் கட்டினால் நூலகப் புரவலர் ஆகலாம். பத்துத் தோழர்கள் ஆளுக்கு நூறு போட்டு, நம் பகுதியின் மறைந்த மூதாட்டி ஒருவரின் நினைவாகவும் அதைச் செய்யலாம்.

ஒப்பீடு தவறான வேலை இல்லை. யார் ஒப்பிடுகிறார்கள், எதற்காக ஒப்பிடுகிறார்கள் என்பதே கேள்வி. இரண்டு கிளைகளின் வழங்கல் எண்ணை மட்டும் ஒப்பிட்டால் நம் மக்களைப் பற்றிய பழி கிடைக்கும். அலமாரி, நேரம், தூரம், வெறுங்கை ஆகிய நான்கையும் சேர்த்து ஒப்பிட்டால், நம் மக்களுக்குச் சேர வேண்டிய பாக்கி எவ்வளவு என்பது கிடைக்கும்.

பண்டிதர் வாசகரின் கையில் இருந்த ஒரு பைசாவிலிருந்து தொடங்கினார். அந்தப் பைசா இன்று நூலக வரியாக நம்மிடமிருந்து போய்க்கொண்டே இருக்கிறது. அது நம் தெருக் கிளைக்குப் புத்தகமாகத் திரும்பி வருகிறதா என்று போய்ப் பார்த்து, எழுதி, அடுத்த ஆண்டு இதே கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். அப்போது உரை நிகழ்த்துகிறவர்கள் நீங்களாக இருப்பீர்கள், கேட்டுக்கொள்கிறவர்கள் நாங்களாக இருப்போம்.

ஜெய்பீம்.